சந்தா செலுத்திய அன்பர் யார்?

குகன் தேனும் மீனும் ஏந்தி இராமன் முன்னே நின்றான். தவத்தோர் உண்ணும் உணவோ இது என்னும் வினா, சூழ இருந்த முனிவர் முகத்திலே எழுந்தது. இராமன் அம்முனிவரை நோக்கினான், முறுவல் செய்தான், விடை கூறத் தொடங்கினான். அந்த அளவில் திரை கருகிப் பேச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருந்த அறுபதுபேரும் தத்தம் வீட்டில் இருந்தபடியே வீடு திரும்பினர். நூலிலே கண்பதித்துப் பேசிக்கொண்டிருந்தவன் யான். திரை கருகியதை அறியாமல், இராமன் சொன்ன விடையின் நயத்தை வெள்ளவத்தையில் என் அறையிலிருந்த புத்தக அலுமாரிக்கு மேலும் ஐந்து நிமிடம் எடுத்துரைத்திருக்கின்றேன்.

இது நிகழ்ந்தது 2020ஆம் ஆண்டு மே மாதத்துச் சனிக்கிழமை மாலையொன்றில். அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு கொழும்பில் அப்பொழுதும் நீங்கவில்லை. அதற்கு முன்னர் எங்கள் இலக்கிய வட்டம் மாதம் ஒருமுறை ஓர் அன்பர் வீட்டு விறாந்தையிலே கூடுவது வழக்கம். பதினைந்துபேர் வந்தால் பெருங்கூட்டம். தேநீர் வீட்டார் கொடுப்பது. வாழைப்பழம் வருகின்றவர் கொண்டுவருவது. சந்தா என்று ஒன்று இருந்ததேயில்லை. ஊரடங்கிலே, எம்மிடம் கற்ற இளைஞர் ஒருவர் சூம் என்னும் இணையவழிக் கூட்டத்தை அமைத்துத் தந்தார். பதினைந்து அறுபதாயிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் அன்பர்கள் வந்து சேர்ந்தனர்.

இலவசமாகத் தரப்படும் அக்கூட்டம் நாற்பது நிமிடத்துடன் தானே கலைந்துவிடும் என்பதை யாம் முதலில் அறிந்திலேம். கம்பனுக்கு நாற்பது நிமிடம் எந்த மூலைக்கு? நேரக் கட்டு இல்லாமற் கூட வேண்டுமாயின் மாதந்தோறும் பதினைந்து டொலரளவில் கட்டவேண்டும் என்று இளைஞர் சொன்னார். அதையும் கடனட்டையாலேயே கட்டவேண்டும். எங்களுள் முதியோர் எவரிடமும் அந்த அட்டை இருக்கவில்லை. இளைஞர் தமது அட்டையாற் கட்டினார். ஓராண்டுச் செலவு அன்றைய நாணய மாற்றுவீதப்படி ஏறத்தாழ 34,000 ரூபா. அதனை ஓர் இளைஞன் தலையிலே சுமத்துவது முறையன்று என்று கண்டு, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,000 ரூபா சந்தா, மாணவருக்கு அதுவும் இல்லை என்று தீர்மானித்தோம். பொருளாளனாக என்னை நியமித்தனர். யான் கணக்கிற் புலி என்பதனாலன்று. மறுத்துரைக்கத் தெரியாதவன் என்பதனால்.

பணம் கேட்பது கடினமான செயல் என்றே யான் அஞ்சியிருந்தேன். கேட்பது கடினமாக இருக்கவில்லை. ஒருவரேனும் முகஞ்சுளித்தாரல்லர். கொடுக்கின்ற வழியே கடினமாயிற்று.

சந்தா என்பது தமிழ்ச்சொல் அன்று. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து தங்கிய சொல். ஆயினும் அச்சொல் குறிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலே பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலையில் அரிசி இடும்போது வீட்டுப்பெண் ஒரு பிடியை எடுத்து வேறாக ஒரு பானையிலே போட்டுவைப்பாள். கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அது சேரும். அளப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. இந்த ஊர்ச் செட்டியார் தெருவிலே கடைவைத்திருந்த நகரத்தாரிடத்து மகமை என்னும் வழக்கம் இருந்தது. வாணிகத்தில் வந்ததில் ஒரு கூறு பொதுப்பணிக்கென ஒதுக்கப்படும். அது கணக்கிலே எழுதப்படும். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பிடியரிசிக்குப் பெயர் வேண்டியதில்லை. ஏனெனில் தண்ட வருபவர் வாசலுக்கே வருகிறார். இன்ன வீட்டார் கொடுத்தனர் என்பதை ஊரே அறியும். முகம் தெரியாத இடத்திலேயே பெயர் எழுதப்படுதல் வேண்டும்.

அச்சு வந்த காலத்தில் முகம் தெரியாதவரிடம் பணம் சேர்க்கும் தேவை நம் புலவர்க்கு வந்தது. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் முன்னதாகவே பொருள் வேண்டும். ஆகவே நூல் வெளிவந்ததும் இத்தனை பிரதி பெற்றுக்கொள்வோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கினார். கையொப்பம் என்னும் அச்சொல்லே அக்காலத்தில் இன்றைய முன்பதிவையும் சந்தாவையும் ஒருங்கே குறித்தது. அவருடைய பதிப்புப்பணிக்குப் பொருள் உதவியவர்களுள் கொழும்பிலே வாழ்ந்த பொன்னம்பலம் குமாரசாமி முதலியாரும் ஒருவர். இராமநாதன், அருணாசலம் ஆகிய இருவருக்கும் அவர் தமையனார். கொழும்பிலிருந்து கும்பகோணத்துக்குப் பணம் சென்றது. யாருடைய பணம் என்பதும் உடன் சென்றது. இன்றைக்கும் நாம் அதனை அறிகின்றோம்.

அப்பணத்தைச் சுமந்த கருவிகளுள் தலையாயது காசுக்கட்டளை. இந்தியாவிலே தபாற்பகுதி 1880இல் அந்தப் பணியைத் தொடங்கிற்று. அங்கே தபாற்சேவகர் பணத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பார். படிவத்தின் அடியிலே, அனுப்புபவர் இரண்டு வரி எழுதுவதற்கு ஒரு துண்டு இருக்கும். பெறுபவர் அதனைக் கிழித்து வைத்துக்கொள்வார். பணத்துடன் சேமநலமும் வந்துவிடும். பழைய முறையிலான அந்தக் காசுக்கட்டளையை இந்தியத் தபாற்பகுதி 2015இல் நிறுத்தி, மின்வழியான வேறுமுறைகளைக் கைக்கொண்டது.

நம்நாட்டு முறை சற்று வேறு. காசுக்கட்டளையைத் தபாற்கந்தோரில் வாங்கி, நாமே கடிதத்துள் வைத்து அனுப்புவோம். எந்தத் தபாற்கந்தோரில் அது மாற்றப்படவேண்டும் என்பதை முதலிலேயே குறித்தல் வேண்டும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணத்தால் ஊரிலே எத்தனை வீடுகளுக்கு ஓடு ஏறிற்று என்பதை முதியோர் அறிவர். எனக்கு நினைவிலுள்ளது அத்துணைப் பெரிய பணமன்று. யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் 1921இல் தோன்றியது. அச்சங்கம் நடத்தும் பாலபண்டிதப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது எனக்கு வயது பதினெட்டு. கட்டணத்தை உப தபாற்கந்தோரிலே கட்டினேன். தபாலதிபர் என் பெயரை மூன்றுமுறை கேட்டு எழுதினார். "பண்டிதர் ஆகப்போகிறவருடைய பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது" என்றார். அன்று அவர் தந்த பற்றுச்சீட்டு இன்றும் என்னிடம் இருக்கின்றது. தாள் பழுத்துவிட்டது, மை மங்கவில்லை.

மல்லிகை இதழை வாசித்தவர்கள் அதன் சந்தா அறிவித்தலையும் மறந்திருக்கமாட்டார்கள். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டிலே யாழ்ப்பாணத்திற் தொடங்கி, நாற்பதாண்டுக்கு மேலாக நடத்திய இதழ் அது. பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்து அங்கிருந்து வெளிவந்தது. காசுக்கட்டளை அனுப்புவோர் கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் மாற்றத்தக்கதாக அனுப்பவேண்டும் என்று அதிலே குறித்திருப்பார்கள். ஒரு தபாற்கந்தோரின் பெயர் ஓர் இலக்கிய இதழின் முகவரியோடு இப்படி இணைந்துவிட்டது. ஆயினும் ஜீவா தபாலை மட்டும் நம்பியிருந்தவரல்லர். இதழ்களைத் தாமே சுமந்துசென்று, கண்டவரிடம் நின்று பேசி, கையிலே கொடுத்துக் கையிலே காசு வாங்கியவர். அவரிடம் சந்தாக் கொடுத்தவர் யாரென்று அவருக்கு ஐயம் தோன்றியிருக்க முடியாது. கொடுத்தவருடைய வீட்டுச் செய்தியையும் அல்லவா அவர் கேட்டு அறிந்திருப்பார்!

எங்கள் வட்டத்துக்கு வருகிறேன். முதலாண்டு எல்லாம் இனிதே நடந்தது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருந்தவர்கள், ஊரடங்கு தளர்ந்தபின், என் வீட்டிலே கொண்டுவந்து தந்தனர். மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் காசுக்கட்டளை அனுப்பினார். உடன் ஒரு வெண்பாவும் அனுப்பினார். வெண்பாவின் ஈற்றடியிலே தளை தட்டிற்று. அதனை அவருக்கு எழுதலாமோ என்று இரண்டு நாள் சிந்தித்து, பொருளாளனுக்கு அது பணியன்று என்று விட்டுவிட்டேன்.

கடல் கடந்த அன்பர்களிடமிருந்தே முதற் சிக்கல் வந்தது. வங்கி வழியாக அனுப்பினால், இடையிலுள்ள வங்கிகள் ஒவ்வொன்றும் தத்தம் கூலியைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து டொலர் அனுப்ப இருபது டொலர் கூலி கொடுப்பவர் யார்? பேபால் என்னும் வழியாலே உலகெங்கும் சிறுதொகை அனுப்புகின்றார்கள். ஆனால் அந்நாளில் இலங்கையில் இருப்போர் அதன்மூலம் பணம் செலுத்தலாமேயன்றிப் பெற இயலாதிருந்தது. முடிவில் நம்மவர் தொன்றுதொட்டுச் செய்துவந்த வழியே கைகொடுத்தது. இலண்டனில் இருப்பவரின் மைத்துனி வெள்ளவத்தையில் இருப்பார். கனடாவில் இருப்பவரின் பெறாமகன் தெகிவளையில் இருப்பான். அவர்கள் வந்து தருவார்கள். ஓரன்பருக்காக அவருடைய மாமியார், எண்பது வயதுக்கு மேற்பட்டவர், ஆட்டோவிலே வந்து, படியேற முடியாமல் கீழே நின்று என்னை அழைப்பித்தார். கீழே ஓடிச்சென்றேன். ஆயிரம் ரூபாவைத் தந்துவிட்டு, "மருமகன் உங்கட பேச்சைக் கேட்டுக்கொண்டு சமைக்கிறாராம், மகள் சொன்னவள்" என்றார். கம்பனுக்கு இதனினும் மேலான வரவேற்பு வேறெது?

2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையில் மின்சாரம் இல்லை. இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் சில கிழமைகளுள் முந்நூற்றறுபதளவுக்கு ஏறிற்று. எங்கள் 34,000 ரூபாச் செலவு 65,000ஐ அணுகிற்று. சந்தாவைக் கூட்டலாமோ என்று ஆராய்ந்தோம். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நிரையில் நின்றுவந்த அன்பரிடம் கம்பனுக்காக மேலும் ஐந்நூறு கேட்பது எப்படி? வெளிநாட்டிலிருந்த அன்பர்களே குறையை ஈடுசெய்தனர். அவர்களுடைய நாணயத்தில் எங்கள் சந்தா பாதியாகிவிட்டது என்று அவர்களே கணக்குப் பார்த்து, தாமாகவே இரட்டித்துத் தந்தனர். இதனை இங்கே நன்றியோடு குறிப்பிடுகின்றேன்.

எரிபொருள் இல்லாத காலத்தில் எவரையும் வீட்டுக்கு வந்து பணம் தருமாறு கேட்க முடியவில்லை. ஆகவே வங்கிக்கணக்கொன்று திறந்தோம். வட்டத்தின் பெயரிலே திறப்பதாயின் யாப்பும் கூட்டத் தீர்மானமும் வேண்டும் என்றனர் வங்கியார். எங்கட்குத் தெரிந்த யாப்பு வேறு. ஆதலால் இருவர் பெயரிலே கூட்டுக்கணக்காகத் திறந்தோம்.

இந்நாட்டிலே பணம் செல்லும் வழிகள் கடந்த இருபதாண்டிலே மிக விரைந்து மாறியிருக்கின்றன. 2006இல் காசோலையைத் தூக்கிச்செல்லாமல் அதன் படத்தை மட்டும் வங்கிகளுக்கிடையே அனுப்பித் தீர்க்கும் முறை வந்தது. தென்னாசியாவிலே இதனை முதலிற் கைக்கொண்ட நாடு இலங்கை. 2015இல், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் கண்ணிமைக்கும் நேரத்திற் பணம் மாற்றும் பொதுப் பொறியமைப்பு வந்தது. அதற்குக் கூலி சில பத்து ரூபா. அதன்பின் லங்கா கியூ.ஆர். என்னும் கட்டக்குறி வந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியிலே கடைகளின் மேசைதோறும் அச்சதுரக்குறி ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கைத்தொலைபேசியை அதன்முன் காட்டினாற் பணம் சென்றுவிடும். எமக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று இளைஞர்கள் விரும்பினர். வங்கியில் வணிகராகப் பதிந்துகொள்ளல் வேண்டும் என்று அறிந்து கைவிட்டோம். கம்பனை விற்கின்றோம் என்று படிவத்திலே எழுதிக் கையொப்பமிட எனக்கு மனம் ஒருப்படவில்லை; சக அங்கத்தவர் இதனைக் கேட்டு நகைத்தனர்.

கணக்குத் திறந்தபின் பணம் வந்தது. பெயர் வரவில்லை.

மாதமுடிவில் வங்கி தந்த கணக்குக்கூற்றை விரித்தால், 1,000, 1,000, 1,000 என்று எண்கள் நிற்கும். கைத்தொலைபேசியில் அனுப்புவோருக்குக் குறிப்பு எழுத ஓரிடம் உண்டு. அதிலே ஒருவர் "சந்தா" என்று எழுதியிருந்தார். ஒருவர் "கட்டணம்" என்று எழுதியிருந்தார். ஒருவர் "வாழ்க தமிழ்" என்று எழுதியிருந்தார். மகன் கணக்கிலிருந்து தந்தைக்காக வந்தது சில. மனைவி கணக்கிலிருந்து கணவருக்காக வந்தது சில. இவற்றையெல்லாம் ஆளுக்கொரு அழைப்பெடுத்து ஒருவாறு தெளிந்தோம். தெளியாதவை இயந்திரத்திலே வைப்பிட்டவை. வங்கி வாசலிலே நிற்கும் பணவைப்பு இயந்திரம் தாள்களை விழுங்கிக் கணக்கிலே சேர்த்துவிடும். கணக்குக்கூற்றிலே இயந்திரவைப்பு என்பதும் ஓர் இலக்கமும் மட்டும் தோன்றும். தாள் இட்ட கை யாருடையது என்பதை இயந்திரம் சொல்லாது.

இதற்குப் பரிகாரமாக 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இளைஞர் ஒருவர் இணையப் படிவமொன்று ஆக்கினார். பணம் கட்டியவர் தம் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அதிலே சேர்க்கவேண்டும். மார்ச் 31ஆம் திகதிக்குள் படிவம் வராதவர்களுக்கு ஏப்பிரல் முதல் கூட்ட இணைப்பு வட்ஸ்அப்பில் அனுப்பப்படமாட்டாது. இவ்விதியை முன்மொழிந்தவர் இளைஞர், வழிமொழிந்தவன் யான். எனக்கு வேலை குறையும் என்று எண்ணினேன். அவ்வளவே என் எண்ணம், அதனை மறைப்பதற்கில்லை.

ஏப்பிரலில் ஏழுபேர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிற்று. நாலுபேர் மறதியால் விட்டவர்கள், கேட்டுவந்து சேர்ந்துகொண்டனர். ஒருவர் தமக்கு ஆர்வம் குறைந்ததென வெளிப்படையாகச் சொன்னார். இருவர் வாய்திறக்கவில்லை. கணக்குக்கூற்றிலோ மூன்று ஆயிரங்கள் பெயரின்றி நின்றன. இரண்டையும் மூன்றையும் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதத்தில், 57ஆம் ஒழுங்கையிலே, கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நூல் வெளியீடு நடந்தது. 1942இல் தோன்றிய அச்சங்கத்து மண்டபத்திலே வெளியீடு இல்லாத வார இறுதி அரிது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, கொட்டாஞ்சேனையிலே வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கண்டேன். எண்பத்திரண்டு வயதினர். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்திலே முதலில் வந்து கடைசியிற் போகின்றவர். பலவாரமாக அவரைக் காணவில்லை என்பது அவரைக் கண்ட பின்னரே எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஐயா, சனிக்கிழமைகளில் உங்களைக் காணவில்லையே, சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"சுகத்துக்கு என்ன தம்பி? பூட்டின கதவைத் தட்டுகிற பழக்கம் எனக்கில்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல விளங்கிற்று. மார்ச் மாதக் கூட்டமொன்றிலே, யான் ஒரு பாட்டில் வினையெச்சம் என்று சொன்ன சொல்லை அவர் முற்றெச்சம் என்று மறுத்தார். யான் உடன்படவில்லை. சற்றே சூடாகவும் பேசிவிட்டேன். அதற்கு இரண்டு வாரத்தின்பின் அவருக்கு இணைப்பு வரவில்லை. மறுத்துப் பேசியதற்காகப் பண்டிதர் தம்மை நீக்கிவிட்டார் என்று அவர் முடிவு செய்துகொண்டார். முடிவு செய்ததும் இயல்பே. நாற்பதாண்டு கற்பித்த ஓர் ஆசிரியர், கேட்கப்போய் இழிவுபட விரும்புவாரா? சனிக்கிழமை மாலைகளிலே அவர் கம்பனைத் தாமே எடுத்து வைத்துக்கொண்டு, நாங்கள் எந்தப் பாட்டிலே நிற்போம் என்று கணக்கிட்டு வாசித்துவந்திருக்கிறார். இதனை அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். எனக்குக் கால் தளர்ந்தது.

"ஐயா, சந்தாப் படிவம் வரவில்லை, அதனாலேதான் பெயர் விடுபட்டது. பாட்டினால் அன்று."

"சந்தா கட்டினேனே!"

பெப்ரவரியிலேயே கட்டியிருக்கிறார். வங்கிக் கிளைக்கு நடந்து சென்று, அங்கு நின்ற காவலரைக் கேட்டு, அவர் உதவியோடு இயந்திரத்திலே ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை வைப்பிட்டிருக்கிறார். படிவத்தைப் பற்றிய செய்தியை வாசித்தார். படமெடுத்துச் சேர்ப்பது அவருக்குக் கைவரவில்லை. பணம் சேர்ந்தாற் போதாதா என்று விட்டுவிட்டார். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டது என் பிழை. கேட்டிருக்கவே கூடாது. கேட்டேன். அவர் தோட்பையைத் திறந்து, அயோத்தியா காண்டத்தை எடுத்து, அதனுள் அடையாளமாக வைத்திருந்த சிறு தாளொன்றை எடுத்து நீட்டினார்.

வெறுந்தாள். ஓரெழுத்தும் இல்லை.

இயந்திரம் தரும் அந்தச் சீட்டிலே மை இல்லை. வெப்பத்தாற் கருகும் பூச்சுப் பூசிய தாள் அது. வெயிலும் சூடும் பட்டால் சில மாதத்தில் எழுத்து மங்கி மறையும். ஏட்டை எடுக்கும்போதே ஒடிகின்றதே என்று சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகைப் பதிப்புரையில் வருந்தினார். அவர் கையிலே ஒடிந்த ஏடுகள் பல தலைமுறை கண்டவை. எங்கள் வட்டத்துச் சந்தாச்சீட்டு ஒரு சித்திரைக்கு நிற்கவில்லை. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு, தாம் பொய் சொன்னவர் போலாகிவிட்டதோ என்று எண்ணினாரோ என்னவோ, முகம் வாடினார். அந்த முகத்தை யான் மறக்கவில்லை.

அன்றிரவே கணக்குக்கூற்றை எடுத்துப் பார்த்தேன். பெப்ரவரி மாதத்தில் இயந்திரவைப்பு ஒன்றே ஒன்று; 1,000 ரூபா. மறுநாட் காலை பஸ்ஸேறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அடிக்கட்டை உள்ளது, நீலக் கரித்தாள் வைத்து எழுதுவது. அவர் வீட்டு முன்றிலிலே இருந்து எழுதத் தொடங்கினேன். திகதியைக் கண்டதும் என் கையைத் தடுத்தார். "இன்றைய திகதி போடக்கூடாது, பெப்ரவரித் திகதி போடுங்கள். நடுவிலே என்னுடைய அங்கத்துவம் அறுந்ததாக இருக்கக்கூடாது" என்றார். அவ்வாறே எழுதினேன். இருமுறை வாசித்தார். தம்முடைய பெயரின் தலைப்பெழுத்தை யான் பிழையாக எழுதியிருந்தேன், திருத்துவித்தார். அதன்பின் தேநீர் வந்தது. முற்றெச்சத்தைப் பற்றி ஒரு மணிநேரம் உரையாடினோம். அவர் சொன்னதே சரி.

விதியை மாற்றினோம். இணையவழி பணம் அனுப்புவோருக்கு ஓர் உபாயம் கண்டோம். அங்கத்தவர் ஒவ்வொருவர்க்கும் ஓரெண் உண்டு. பதினேழாம் எண்ணினர் 1,000 அனுப்பவேண்டாம், 1,017 அனுப்பட்டும். நாற்பத்திரண்டாம் எண்ணினர் 1,042 அனுப்பட்டும். குறிப்பெழுத மறந்தாலும், மகன் கணக்கிலிருந்து வந்தாலும், தொகையே பெயரைச் சொல்லிவிடும். பட்டியலில் அறுபதாம் எண்ணினர் ஆண்டுதோறும் அறுபது ரூபா மிகுதியாகக் கொடுக்கிறார் என்று ஒரு வழக்கு எழுந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை எண்களைத் தலைகீழாக்குவதென்று தீர்த்தோம். இந்த உபாயத்தைப் பிற சங்கத்தார் எடுத்தாள விரும்பினால் தாராளமாக எடுத்தாளலாம்.

ஆனால் இது இயந்திரத்திடம் செல்லாது. இயந்திரம் தாளை ஏற்கும். பதினேழு ரூபாச் சில்லறையை ஏற்காது. இணையத்தை அறியாதவர்களோ இயந்திரத்திடமே செல்கின்றனர். ஆகவே கையிலே வாங்கும் வழக்கத்தை மீட்டோம். கொட்டாஞ்சேனைக்கு ஒருவர், வெள்ளவத்தைக்கு ஒருவர், தெகிவளைக்கு ஒருவர் என்று மூவரிடம் அடிக்கட்டையுள்ள புத்தகம் இருக்கின்றது. கொட்டாஞ்சேனைப் புத்தகம் உயர்தரத்திலே தமிழ் கற்கும் மாணவி ஒருத்தியிடம் இருக்கின்றது. சந்தா தண்டச் சென்ற வீடுகளிலே அவளுக்கு இலக்கணப் பாடமும் நடக்கின்றதாம். ஆசிரியர் வீட்டுக்கு ஒரு ஞாயிறு போதவில்லை என்று சொல்கிறாள். மட்டக்களப்பு அதிபருடைய காசுக்கட்டளையும் வருகின்றது. வெண்பாவும் வருகின்றது. இணையப் படிவம் இன்னும் இருக்கின்றது, விரும்புவோர் நிரப்பலாம். நிரப்பாதவர் எவரையும், நேரே அழைத்துக் கேளாமல், பட்டியலிலிருந்து நீக்குவதில்லை.

வாய்திறவாத மற்றையவரையும் தேடிச் சென்றேன். அவர் உடல்நலம் குன்றி மகள் வீட்டுக்குப் போயிருந்தார், அவரும் கட்டியிருந்தார். மூன்று ஆயிரங்களுள் இரண்டுக்குப் பெயர் கிடைத்தது. எஞ்சிய ஒன்றுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கத்தவர் அனைவரையும் கேட்டாயிற்று. எவரும் தமதென்று சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்திலே "பெயர் அறியா அன்பர்" என்று எழுதி, அவர்க்கென ஓரெண்ணும் ஒதுக்கியிருக்கிறேன். 2024 பெப்ரவரியிலே இயந்திரவைப்பாக இன்னும் ஓர் ஆயிரம் வந்தது. 2025லும் வந்தது. சனிக்கிழமைகளிலே இணைப்பைத் திறக்கும்போது, படமும் பெயரும் காட்டாமல் தொலைபேசியின் வகைப்பெயரோடு மட்டும் ஒரு கட்டம் திரையின் கடைசியிலே வந்து நிற்கும். பேச்சு முடிந்து எல்லோரும் வணக்கம் சொல்லும்போது அது மறைந்துவிடும். இவ்வாரம் கங்கையைக் கடக்கும் பாட்டுக்களை எடுத்துக்கொள்கின்றோம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும்.